பிரேமாவின் முட்டிவலி

பிரேமாவுக்கு எஸ்தரைப் பிடிக்காது. நேரில் பார்த்தது கிடையாது, ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அந்த அம்மாள் இருக்கும் மலாவி எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால் கையை எந்தப் பக்கம் நீட்டுவது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் பிடிக்காது. பிடிக்காமல் போவதற்கு ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

மகள் சுசித்ரா பிசியோதெரபி படித்தவள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவில் கை கால் விளங்காத பிள்ளைகளுக்கு நடை பழக்கும் ஒரு மையத்தில் தொண்டு செய்யப் போகிறேன் என்று கிளம்பி ஒரு வருஷம் ஓடிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு மையத்தை மூடினார்கள் என்று இப்போது விடுமுறைக்குத் திருத்தணி வந்திருந்தாள். எஸ்தர் அந்த மையத்தில் சமையல் செய்கிறவள். சுசித்ரா குடியிருப்பதும் அவள் வீட்டில் ஓர் அறையில்தான்.

வந்த அன்றைக்கே ஆரம்பித்தது. மகளுக்குப் பிடிக்கும் என்று பிரேமா கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து, வேர்க்கடலைச் சட்னி அரைத்து வைத்திருந்தாள். ஓர் உருண்டையை வாயில் போட்ட சுசித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். பிரேமா பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

“அங்கயும் இதே மாதிரிதாம்மா. வெள்ளச் சோளத்துல பண்ணுவாங்க. எஸ்தர் கையால சாப்டணும், அப்டியே தொண்டையில எறங்கிகினு போவும்.”

“அப்ப என்னுது தொண்டையில நிக்குதா?”

“ஐயோ, அத யாரும்மா சொன்னா?”

யாரும் சொல்லத்தான் இல்லை. பிரேமாவுக்குக் கேட்டுவிட்டது. கரண்டியைச் சட்டிக்குள் போட்ட சத்தத்தில், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று மறுபடி தட்டைப் பார்த்துக்கொண்டார். அம்மையார்குப்பத்தில் நாலு விசைத்தறி வைத்து ஓட்டுகிற மனிதர். நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்குள் இருப்பதால் வீட்டில் எழும் சத்தங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகியவர்.

தினமும் சாயங்காலம் போன் வரும். திரையில் எஸ்தர். தலையில் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு, கன்னம் நிறையச் சிரித்துக்கொண்டு இருப்பாள். கிட்டத்தட்ட பிரேமா வயசுதான் இருக்கும். சுசித்ரா அந்த ஊர்ப் பாஷையில் பாதி, இங்கிலீஷில் பாதி என்று கலந்து பேசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று பிரேமாவுக்கு ஒரு எழுத்தும் புரியாது. துவரம் பருப்பைப் பொறுக்குகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். தன்னிடம் பேசும்போது மகள் இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று மனசு கணக்குப் போடும்.

“அவள இன்னான்னு கூப்புடறே நீ?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“அமாயின்னு. அம்மான்னு அர்த்தம். அங்க வயசுல பெரிய பொம்பளைங்க எல்லாரையும் அப்டிதாம்மா கூப்புடுவாங்க.”

“எல்லாரையுமா? எத்தினி அம்மா வெச்சிகினு இருக்கே நீ?”

சுசித்ரா சிரித்து மழுப்பினாள். பிரேமா சிரிக்கவில்லை.

தெருவில் எல்லோரும் பிரேமாவைக் கொடுத்து வைத்தவள் என்றார்கள். மகள் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறாள், உன் வயிறு குளிர்ந்த வயிறு என்றார்கள். அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது அவளுக்குத்தான் தெரியும். தொண்டு செய்வதில் அவளுக்கு வருத்தமில்லை. நாலு பிள்ளைகள் நடந்தால் நல்லதுதான். சுசித்ராவின் போனில் ஒரு படம் இருந்தது. எஸ்தரின் கடைசி மகள் சிசோமோ, பிறந்ததிலிருந்து கால் விறைத்துப்போன பெண், சுசித்ராவின் மடியில் இரண்டு காலையும் நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுசித்ரா குனிந்து அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிரேமாவுக்குச் சுருக்கென்றது. யாரோ பெற்ற பிள்ளையின் கால் தன் மகள் மடியில் கிடக்கிறது, தன்னைத் தொட்டுப் பேச இவளுக்கு நேரமில்லை. நொண்டுகிற பிள்ளையின்மேல் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்று யாரும் சொன்னதில்லை.

இதற்குமேல் ஒன்று இருந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே திரும்பிப் போகும்படி சுசித்ரா டிக்கெட் போட்டிருந்தாள். “நான் அஞ்சாந்தேதி கெளம்பறேம்மா” என்று, பால் வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னாள். போகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வருஷமும் கேட்கவில்லை.

முட்டிவலி வந்தது அதற்கு மறுநாள் சாயங்காலம்.

உண்மையில் வந்தது வலி இல்லை. அரிவாள்மனையில் வெகுநேரம் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. எழுந்தபோது “ஸ்ஸ்... அப்பா” என்றாள். அவ்வளவுதான். உள்ளேயிருந்து சுசித்ரா ஓடி வந்தாள். அம்மாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். விரலால் முட்டியைச் சுற்றி அழுத்திப் பார்த்தாள். அந்த விரல்கள் அவ்வளவு பக்குவமாக அழுத்தின. மகள் என்ன படித்தாள் என்பதே பிரேமாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது போன் அடித்தது. திரையில் எஸ்தரின் முகம். சுசித்ரா அதை எடுத்துப் பார்த்தாள், குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“அப்பறம் பேசிக்கலாம். இங்க அழுத்துனா வலிக்குதாம்மா?”

வலிக்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் பிரேமா வாயைத் திறந்தாள். கவிழ்ந்து கிடந்த போன் கண்ணில் பட்டது.

“ஆங்” என்றாள். “அங்கதான்.”

ஒரு தடவை சொன்னால் போதுமா? முட்டிவலியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, அதற்கு நொண்ட வேண்டும். பிரேமா நொண்டினாள். மகள் வீட்டில் இருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கீழே உட்கார மாட்டாள், எழும்போது முருகா என்பாள். சுசித்ரா காலையும் மாலையும் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, “அமுக்கும்மா, இன்னும் கொஞ்சம், வுடு” என்று பயிற்சி கொடுத்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கடைத்தெருவுக்கு அழைத்துப் போய் முட்டிக்கு உறை வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டிவிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருக்கும். “அவகிட்ட பேசேன்” என்று பிரேமா பெருந்தன்மையாகச் சொல்வாள். “இருக்கட்டும்மா” என்பாள் மகள். அந்த ‘இருக்கட்டும்மா’வைக் கேட்பதற்காகவே பிரேமா தினமும் அதைச் சொன்னாள்.

எஸ்தர் விடுகிற ஆளா? முட்டிவலி என்று தெரிந்த நாளிலிருந்து, ராத்திரி சுசித்ரா திருப்பிக் கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். எந்த இலையை அரைத்துப் போடலாம், எப்படிக் கட்டலாம் என்று அவள் சொன்னதை சுசித்ரா தமிழில் சொன்னாள். “என் முட்டியப் பத்தி அவளுக்கு இன்னா?” என்று பிரேமா சீறினாள். தன் முட்டியிலும் அந்த அம்மாள் பங்கு கேட்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

சுந்தரமூர்த்தி எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு நாள் காலையில் மகள் குளிக்கப் போன நேரத்தில் சொன்னார்: “பால்காரன் பெல்லு அடிச்சதும் ஓடினியே, அது வேற காலா?”

“கண்ணு வெக்காதீங்க” என்றாள் பிரேமா.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. இதோடு குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பிரேமா நினைத்தாள். நடந்தது வேறு. ஒன்றுமில்லை என்றதும்தான் சுசித்ராவின் முகம் இன்னும் வாடிப்போனது. எலும்பில் இல்லையென்றால் பின்னே எங்கே என்று யாரோ டாக்டர் நண்பர்களுக்கெல்லாம் போன் செய்தாள். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தாள். அதை அக்கறை என்று பிரேமா எடுத்துக்கொண்டாள். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று மனசுக்குள் எஸ்தருக்குக் காட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் மகள் வெளியே போயிருந்த நேரம், பிரேமா துணி உலர்த்த மொட்டை மாடிக்கு விறுவிறுவென்று ஏறினாள். எதிரே மலை. கோபுரம் வெயிலில் தெரிந்தது. ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டே நின்று, முருகனிடம் பேசினாள். வேண்டுதலா சண்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாத பேச்சு. “எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துடுவியா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தே. என் பொண்ண என்கிட்டயே நிறுத்து. இந்த வருஷம் படித்திருவிழாவுக்கு, கீழேருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வெச்சு, சூடம் ஏத்திகினு வரேன்.”

முருகன் அன்றைக்கு வேறு வேலையில்லாமல் இருந்தான் போலிருக்கிறது. சாயங்காலமே சுசித்ரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். உன் கால் சரியாவற வரைக்கும் போவல. வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன்.”

சமையலறையிலிருந்து பிரேமா கேட்டுக்கொண்டிருந்தாள், மகள் எஸ்தருக்குப் போன் செய்ததை. அந்தப் பக்கம் குரல் தாழ்ந்து போனது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். யாருடையது என்று தெரியவில்லை. பிரேமா அன்றைக்குச் சோற்றில் நெய்யை ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள். ஜெயித்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது பாட்டுகூட வந்தது.

பாட்டின் நடுவில்தான் வேண்டுதல் நினைவுக்கு வந்தது.

படித்திருவிழா டிசம்பர் கடைசி நாள். இதோ வந்துவிட்டது. மலை அடிவாரத்திலிருந்து சன்னதி வரை ஒவ்வொரு படியிலும் குனிந்து, நிமிர்ந்து, ஏற வேண்டும். நல்ல முட்டி உள்ளவர்களுக்கே மூச்சு வாங்குகிற காரியம். வேண்டிக்கொண்ட நேரத்தில் தனக்கு முட்டிவலி இருக்கிறது என்பது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எந்த முட்டியைக் காட்டி மகளை நிறுத்தினாளோ, அதே முட்டியால்தான் கடனைத் தீர்க்க வேண்டும்.

அடுத்த வருஷம் செய்கிறேன் என்று தள்ளிப்போடலாம்தான். ஆனால் தணிகை முருகனிடம் தவணை கிடையாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுந்தரமூர்த்தியின் சித்தப்பா ஒருவர் மொட்டையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, தலை முழுக்கப் புண் வந்து, கடைசியில் டாக்டரே மழிக்கும்படி ஆனது. வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வேறு வழியில்லாமல் கணவனிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டுக்கொண்டார்.

“நீதானே வேண்டிக்கினே? நீயும் முருகனும் பேசி முடிச்சிக்குங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் தறிக்குப் போறேன்.”

திருவிழா அன்றைக்குக் காலையில் பிரேமா மகளிடம், கனகம்மாசத்திரத்தில் நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். முட்டிவலியோடு பஸ் ஏறாதே என்று மகள் தடுப்பாள், அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். மகள் தடுக்கவில்லை. “ஷேர் ஆட்டோலயே போம்மா. எனக்கும் வெளிய கொஞ்சம் வேல இருக்குது” என்று உடனே சம்மதித்தாள். குனிந்து முட்டி உறையை இழுத்துச் சரிசெய்து விட்டாள். அம்மா போனதும் நிம்மதியாக எஸ்தரோடு பேசலாம் என்றுதான் அவசரப்படுகிறாள் என்று பிரேமாவுக்குத் தோன்றியது. நிறுத்தி வைத்த பிறகும் பொறாமை நிற்கவில்லை.

சரவணப்பொய்கை பக்கம் ஒரே கூட்டம். சென்னையிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பஜனைக் குழுக்கள் வந்து இறங்கியபடி இருந்தன. ஜால்ராவும் மிருதங்கமும் அரோகராவுமாக அடிவாரமே அதிர்ந்தது. பிரேமா ஓர் ஓரமாக நின்று முட்டி உறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முதல் படியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டாள். அடுத்த படி. அதற்கடுத்த படி. சுவரைப் பிடித்து நடந்து நடந்து அலுத்த கால்களுக்கு விடுதலை கிடைத்திருந்தது. பக்கத்தில் ஏறின சின்னப் பெண்களே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இவள் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டிருந்தாள். தன் முட்டியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

பாதி மலைக்குமேல் ஏறியிருப்பாள். நாலைந்து படிகளுக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். பழைய பச்சைச் சுடிதார். ஒற்றைப் பின்னல். அந்தப் பிடரியைப் பார்த்ததும் பிரேமாவின் கை அப்படியே நின்றது. பத்து வயசு வரைக்கும் இவள் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட தலை அது.

சுசித்ரா கோயிலுக்குப் போகிறவளே இல்லை. ஊருக்கு வந்து இத்தனை நாளில் ஒரு தடவை மலைப்பக்கம் வந்ததில்லை. இங்கே என்ன செய்கிறாள்?

பிரேமா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இறங்கிவிடலாம் என்று திரும்பினாள். இறங்கினால் வேண்டுதல் பாதியில் நிற்கும். ஏறினால் மாட்டிக்கொள்வாள். பின்னால் வந்த பஜனைக் குழு இரண்டையும் யோசிக்க விடாமல் அவளை இரண்டு படி மேலே தள்ளிவிட்டது. இப்போது மகள் பேசுவது காதில் விழுந்தது. பக்கத்தில் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி ஏதோ கேட்டிருக்கிறாள்.

“எங்கம்மா முட்டிக்காகங்க” என்றாள் சுசித்ரா. “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. ஆனா நடக்கவே முடியல அவங்களுக்கு. நான் இதுக்குன்னே படிச்சவ, எனக்கே இன்னான்னு தெரியல. ஒவ்வொண்ணா நெனச்சா பயமா இருக்குது. எங்கம்மாகிட்டகூடச் சொல்லல, பயந்துடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம்லாம் பாத்துட்டேன். அதான் இங்க வந்தேன்.” சொல்லும்போதே குரல் உடைந்தது. மஞ்சள் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உன்னப் பெத்தவ குடுத்து வெச்சவம்மா” என்றாள் அந்த அம்மாள்.

பிரேமாவுக்கு அந்த இடத்திலேயே கரைந்து போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அக்கறை என்று இத்தனை நாள் ரசித்தது எல்லாம் பயம். சாப்பிடும்போது, ஒத்தடம் கொடுக்கும்போது, அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது, இந்தப் பெண் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். தான் அதைப் பார்த்து நெய் ஊற்றியிருக்கிறாள்.

முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள். மேலே ஏறினாள். மகள் குனிந்திருந்த படியிலேயே தானும் குனிந்து ஒரு பொட்டு மஞ்சள் வைத்தாள்.

“சுசி.”

சுசித்ரா திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள், அம்மாவின் காலைப் பார்த்தாள். முகம் பூரித்துப்போய்விட்டது. “எப்டிம்மா ஏறி வந்தே? வலிக்கலியா? நெஜமா வலிக்கலியா?”

“பாத்தியா! கேட்டு முடிக்கறதுக்குள்ள குடுத்துட்டான்!” என்று அந்த வெளியூர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அரோகரா என்று கத்தினாள். பின்னால் வந்த குழுவும் சேர்ந்து கத்தியது. என்ன ஏது என்று தெரியாமல் இன்னும் நாலு பேர் கத்தினார்கள்.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். முருகன் பெயரில் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். பிரேமாவுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் கையில் மஞ்சள், காலுக்கு அடியில் அவன் படி.

“அவன் ஒண்ணும் குடுக்கல” என்றாள். “எனக்கு வலியே இல்ல, சுசி. ஒரு நாளும் இல்ல.”

“பின்ன?”

“நீ போவக் கூடாதுன்னு. நீ நின்னுட்டா படிக்குப் படி மஞ்சள் வெக்கறேன்னு வேண்டிக்கினேன். அதான் வந்தேன்.”

“எக்ஸ்ரேல்லாம் எடுத்தோமேம்மா” என்றாள் சுசித்ரா, சின்னப் பிள்ளை மாதிரி.

“ஆங்.”

“கட்டி கிட்டி இருக்குமோன்னு... நான் தூங்கியே எத்தினி நாளாவுது தெரியுமா? அங்க சிசோமோ புடிச்சிகினு நடக்கற கம்பிய வுட்டுட்டு தானா அடி வெக்க ஆரம்பிச்சிருந்தா. நான் வரலன்னு சொன்னதுலேருந்து எழுந்து நிக்கவே மாட்டேங்கறாளாம்.”

“அந்தப் பொம்பள மேல எனக்குப் பொறாம” என்றாள் பிரேமா. சொல்லும்போது குரல் எழும்பிவிட்டது. “அவ கூடப் பேசறப்ப நீ சிரிக்கறே. அவ களி உனக்கு எறங்குது. அவ பொண்ணு கால நீ மடியில வெச்சிக்கறே. என்னால தாங்க முடியல. போதுமா?”

சுசித்ரா திரும்பி அடுத்த படிக்குப் போனாள். குனிந்து மஞ்சள் வைத்தாள்.

“இன்னும் இன்னாத்துக்குடி வெக்கறே? அதான் காலு நல்லா இருக்குதே.”

“உன் கால் நல்லா இருக்கணும்னுதானே வேண்டிக்கினேன்? நல்லா இருக்குது. செய்யறேன்னு சொன்னத செய்யணும்ல?” முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். ஒவ்வொரு சொல்லிலும் கோபம் இருந்தது.

அம்மாவும் மகளும் ஒரே படியில், ஆளுக்கொரு ஓரத்தில், ஆளுக்கொரு வேண்டுதலுக்காக மஞ்சள் வைத்துக்கொண்டு ஏறினார்கள். பிரேமா இரண்டு மூன்று தடவை ஓரக்கண்ணால் பார்த்தாள். மகள் பார்க்கவே இல்லை.

சுசித்ராவின் தோள் பையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை பிரேமா தன் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டு எடுத்தாள். எஸ்தர்தான். பச்சைப் பொத்தானை இழுத்தாள்.

சுசித்ராவை எதிர்பார்த்த எஸ்தர் பிரேமாவைப் பார்த்துத் திகைத்தாள். உடனே முகத்தில் கவலை வந்தது. தன் முட்டியைத் தொட்டுக் காட்டி, விரலைப் பிரேமா பக்கம் நீட்டி, ஏதோ கேட்டாள். பாஷை தெரியாவிட்டாலும் அது புரிந்தது. சுசித்ராவைப் பறிகொடுத்தவள், பறித்தவளின் முட்டியை விசாரிக்கிறாள்.

“புடி இத” என்று பிரேமா போனை மகளிடம் நீட்டினாள். “அவளுக்கு என் காலு தெரியற மாதிரி புடி.”

சுசித்ரா ஒன்றும் புரியாமல் பிடித்தாள். பிரேமா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு படி ஏறினாள், இறங்கினாள். குந்தி உட்கார்ந்தாள், எழுந்தாள். திரையில் எஸ்தர் கை தட்டினாள்.

“கை தட்ட வேணான்னு சொல்லு. நான் பொய் சொன்னேன்னு சொல்லு.”

“வேணாம்மா.”

“சொல்லுடி. உன்ன அவகிட்ட அனுப்ப மனசில்லாம நொண்டுனேன்னு சொல்லு.”

சுசித்ரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எஸ்தரின் கைகள் நின்றன. சிரிப்பு போய்விட்டது. பிரேமா கண்ணைத் தாழ்த்தவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றாள். மேலே போகிற கூட்டம் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போயிற்று. எஸ்தர் மெதுவாக, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இன்னா சொல்றா? திட்றாளா?”

“இல்ல.” சுசித்ரா அம்மாவை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். “எப்ப அனுப்புவீங்கன்னு கேக்கறாங்க.”

“அத உன்கிட்ட கேக்க வேண்டியதுதானே. நீதானே டிக்கெட்டு போடறவ.”

“உன்னத்தான் கேக்கச் சொல்றாங்க. உங்கம்மா எப்ப அனுப்புவாங்கன்னு கேளுங்கறாங்க.”

இந்த ஒரு வருஷத்தில் இதைப் பிரேமாவிடம் யாரும் கேட்டதில்லை. பெற்ற மகள் கேட்கவில்லை, கட்டின புருஷன் கேட்கவில்லை. கேட்டவள் இவளாகவா இருக்க வேண்டும்?

அதனால் உடனே பதில் சொல்லிவிடவில்லை. யோசிப்பது போல நின்றாள். எஸ்தர் காத்திருந்தாள்.

“பொங்கல் என் பொண்ணு என்கூடத்தான். கரிநாள் கழியட்டும். அப்பறம் நல்ல நாள் பாத்து நானே அனுப்பறேன்னு சொல்லு.”

சுசித்ரா திரையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் எஸ்தர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கூவினாள். திரும்பி வீட்டுக்குள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அங்கே என்னவோ உருண்டது, யாரோ ஓடி வந்தார்கள், ஒரே சிரிப்பு.

பிரேமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே மீதி இருந்த படிகளைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, முருகனிடம் கணக்கை மாற்றிச் சொன்னாள்: கீழே வைத்ததெல்லாம் மகள் நிற்கணும்னு வெச்சது, இனிமேல் வைக்கிறது நல்லபடியா போய்ச் சேரணும்னு. அவன் குழம்பினாலும் சரி. பின்னால் எஸ்தரின் சிரிப்பு ஓயவே இல்லை, இப்போது சுசித்ராவும் சேர்ந்து சிரித்தாள். கேட்கக் கேட்கப் பிரேமாவுக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு குனிந்து, அடுத்த படிக்கு மஞ்சள் வைத்தாள்.